செண்பகம் குளித்த தண்ணீர்

தோயர்கள் எங்களிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சு இதுதான்: "யோவ், குழாயை மூடித் தொலைய்யா!"

காலையில் பல் விளக்கிக்கொண்டே கதவைத் திறந்த எங்கள் ஊர்த் தலைவர் தணிகைவேல் பிரஷ்ஷை விழுங்காத குறை. கதவு நிலையைவிட உயரமாக, சாம்பல் நிறத்தில், சொட்டச் சொட்ட நனைந்த உருவம் ஒன்று வாசலில் நின்று இப்படிச் சொன்னால் வேறு என்ன நினைப்பார்? பம்பை நிறுத்தச் சொல்லி மிரட்ட வந்துவிட்டார்கள் என்று நேரே என் வீட்டுக்கு ஓடிவந்தார். புதுக்கரைக்குத் தண்ணீர் எஞ்சினியர் நான்தான். பெயர் பூங்காவனம். மரமே இல்லாத கோளில் எனக்கு இப்படி ஒரு பெயர், என்ன செய்ய!

பாவம், அவர்கள் வணக்கம் சொல்லத்தான் வந்திருந்தார்கள். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஏரிக்குள் இறங்கும் எங்கள் உறிஞ்சு குழாய்கள் வழியாக ஊர்ச் சத்தமெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றிருக்கிறார்கள். குழாயடியில் எவன் எவனுக்கு வணக்கம் சொல்கிறான்? எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அதுவரை அவர்கள் வாயே திறந்ததில்லை. வாய் என்று ஒன்று இருப்பதும் வெளியே தெரியாது. நாங்கள் இந்தக் கோளில் வந்து இறங்கிய நாளிலிருந்து, பாலேரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்நேரமும் தோய்ந்தே கிடந்ததால் தோயர் என்று நாங்களே ஒரு பெயர் வைத்துவிட்டோம். பூமியிலிருந்து வந்த ஆய்வுக் குழு ஒன்று கரையில் கூடாரம் போட்டு, கருவிகளை நட்டு, 'இவர்களுக்கு மொழி கிடையாது' என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. கிடையாதாம்! ஒருவரும் தண்ணீரில் கால் நனைக்கவில்லை, அது எனக்கே தெரியும்.

அவர்கள் பேச வந்த நாளைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள்தான் பூமிச் சபையின் உத்தரவு வந்திருந்தது. ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் தணிகைவேல் வாசித்தார். ஒரு கோளில் ஏற்கனவே குடியிருப்பவர்கள் இருந்தால், அவர்களுடைய வழக்கப்படி அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குடியேறியவர்கள் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். கப்பல் புறப்பட்டுவிட்டது. கோடை முடியும்போது வந்து நிற்கும்.

எனக்கென்ன, நான் பூமியில் பிறந்தவள். திரும்பிப் போய் அங்கேயே சாகலாம். என் மகள் செண்பகம் இங்கே பிறந்தவள். இந்தக் கோளுக்கு ஈர்ப்பு குறைவு. ஒரே தாவில் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள், பாவாடை காற்றில் உப்ப மெதுவாக இறங்குவாள். அவள் எலும்பு வாழைத்தண்டு. பூமியில் இறக்கினால் எழுந்து நிற்க முடியாது, ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் வீட்டுக்கே வந்து என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான்.

ஆகவே தினமும் காலையில் செண்பகத்தின் கால்களில் மணல் மூட்டை கட்டுவேன். அந்தக் கனத்தோடு அவள் பள்ளிக்கு நடப்பாள். "ஊர்ல எல்லா அம்மாவும் இருபது வயசுலதான் கால்கட்டு போடுவாங்க, பூங்காவனம் பதினோரு வயசுலயே போட்டுட்டா" என்று பக்கத்து வீட்டு எஸ்தர் கேலி செய்வாள். உடற்பயிற்சிடீ என்று நானும் சிரித்துவைப்பேன்.

தோயர்களின் வழக்கம் என்ன என்று கேட்க, கரையில் ஒரு கூட்டம் போட்டார் தணிகைவேல். அவர்களில் மூத்தது ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்று பேசியது. மார்புத் தோல் முரசு மாதிரி அதிர்ந்து, அதிலிருந்து குரல் வந்தது.

"உங்க வழக்கை நாங்க சொல்லுவோம். எங்க வழக்கை நீங்க சொல்லணும்."

"மாத்திச் சொல்றீங்க போல" என்றார் தணிகைவேல் மரியாதையாக. "எங்க வழக்கை நாங்க, உங்க வழக்கை நீங்க..."

"அவங்கவங்க வழக்கை அவங்கவங்க சொன்னா அது சண்டை. சண்டை நிறைய கேட்டிருக்கோம். எதிராளி மனசுல இருக்கறதை நாம சொல்லி, அவர் 'அதேதான்'னு சொன்னாத்தான் ஒப்பந்தம். ரெண்டு பக்கமும் சொல்லணும். தப்பாச் சொன்னா ஒப்பந்தம் இல்லை."

"சரி, எங்க மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆராய்ச்சி பண்ணுவோம். வீட்டுக்கு ஒருத்தர் வந்து தங்குவோம், கோடை முடியற வரைக்கும். நீங்களும் எங்ககூட வந்து தங்கி ஆராய்ச்சி பண்ணுங்க. எங்கே வேணும்னாலும் வரலாம், எதை வேணும்னாலும் கேக்கலாம், தடையில்லை."

கூட்டத்தில் சிரிப்பு. கழுத்தளவுத் தண்ணீரில் கோடை முழுக்க எவன் நிற்பான்? கூட்டம் கலைந்ததும் தணிகைவேல் என் காதில் சொன்னார்: "இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு பூங்காவனம்? அவங்க ஏரியில நாம பம்பு போட்டிருக்கோம். பம்பை நிறுத்தணும்கிறாங்க. சின்னக் குழந்தைக்கும் தெரியும்." நானும் தலையாட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று பாதிப் பம்போடு ஊரை ஓட்டுவதற்கு அன்றைக்கே ஒரு வரைபடமும் போட்டுவைத்தேன்.

அடுத்த நாள் ஒலிபெருக்கியில் தலைவரின் அறிவுரை: விருந்தாளிகள் வரும்போது யாரும் வசதியாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காலிக் குடத்தை வாசலில் வைக்கவும். இரண்டாவது டிரம்மை மறைக்கவும். புருஷன் பெண்டாட்டி சண்டை கூடாது. கணக்கெடுப்பு என்று எவன் வந்தாலும் எங்கள் சனத்துக்கு இதெல்லாம் தாய்ப்பாலில் வந்த பழக்கம். நான் டிரம்மை குளியலறைக்குப் பின்னால் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடினேன்.

எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு செண்பகம்தான் பெயர் வைத்தாள், சாரல் என்று. அவள் சாரலைப் பார்த்ததே இல்லை, இந்தக் கோளில் மழையே கிடையாது. அவள் அப்பா பலராமன் குற்றாலத்தைப் பற்றி அளந்துவிட்டதில் மிஞ்சியது அந்த ஒரு சொல். பலராமன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஊரைச் சுற்றியிருக்கும் வறண்ட மணல் மேட்டில் புதைத்தோம். மனுஷன் குளியலறையில் சுருதியே இல்லாமல் பாடுவார். "பூங்கா, துண்டு!" என்று கத்துவார். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதாகச் சரித்திரமே இல்லை.

சாரல் வாசலில் குனிந்து நுழைந்து, "வந்துட்டாரு பாரு துரை" என்றது.

"அடக் கடவுளே! அது வர்றவரை வையற பேச்சு. 'வணக்கம்'னு சொல்லணும்" என்றேன்.

"உங்க வீட்டுல யாரும் யாருக்கும் அதைச் சொல்லிக் கேட்டதில்லையே அம்மா" என்றது.

பின்கட்டில் துணி ஊறவைக்கும் தொட்டியை அதற்கு ஒதுக்கினேன். அதில் ஏரித் தண்ணீர் நிரப்ப வேண்டும். எங்கள் ஏரித் தண்ணீர் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த நிறம். எந்த வடிகட்டியிலும் அந்த வெள்ளை போகாது. ஆனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று சோதனைகள் சொல்லின. இலேசாக இனிக்கும். வெளுத்ததெல்லாம் பால் என்று நாங்களும் குடித்துக்கொண்டிருந்தோம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இது கோடை முழுக்க. நான் என் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லத் தயாராகக் காத்திருந்தேன். அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொட்டியில் உட்கார்ந்திருக்கும். ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து சமையலறை மூலையில் நிற்கும். நான் அரிசி களைவதைப் பார்க்கும், திட்டுவதைக் கேட்கும்.

ஒருநாள் பொறுமை போய், "ஏதாவது கேட்டுத் தொலையேன்! ஆராய்ச்சின்னு வந்துட்டு சும்மா நின்னா என்ன அர்த்தம்?" என்றேன்.

"கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்க."

"அதுக்குத்தானே வந்திருக்கே?"

"பதில் வேற, நீங்க வேற" என்றது. டிரம் மேல் போட்ட சாக்கு ஞாபகம் வந்தது. போய் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

செண்பகத்துக்கும் அதற்கும் ஒட்டிக்கொண்டது. அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தால், அவள் கூந்தலில் நீண்ட விரல்களை வைத்து, மெல்லிய சத்தத்தில் என்னென்னவோ சொல்லும். வரிசையாக, நிறுத்தி நிறுத்தி. பேன் பார்க்கிறதோ என்று முதலில் நினைத்தேன். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னிடம் ஒரு நிமிஷம் தலையைக் கொடுக்காத கழுதை.

பிறகுதான் திருட்டைப் பிடித்தேன். எங்கள் வீடுகளில் குளித்த தண்ணீரை வீணாக்க மாட்டோம், கீரைப் பாத்திக்குத்தான் போகும். எங்கள் கீரை வாடிக்கொண்டே வந்தது. என்னடா என்று ஒரு விடிகாலையில் எழுந்து பார்த்தால், செண்பகம் குளித்த தண்ணீரைச் சொட்டு விடாமல் குடத்தில் வழித்தெடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறது சாரல். வந்துவிட்டதே கோபம்!

"ஏய்! திங்கறது என் வீட்டுல, திருடறதும் என் வீட்டுலயா? அழுக்குத் தண்ணியைக் கூடவா விட்டுவைக்க மாட்டே?"

"வழி விடுங்கம்மா. வெயில் வந்துட்டா காஞ்சிடும்" என்று கெஞ்சியது. அதன் குரல் அப்படி நடுங்கியதை அதுவரை கேட்டதில்லை.

நானும் பின்னாலேயே போனேன். ஊரின் எல்லாச் சந்திலிருந்தும் தோயர்கள் குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். வரிசையாக ஏரியில் இறங்கி, குடத்தைச் சாய்த்து மெதுவாக ஊற்றினார்கள். ஊற்றிய இடத்தைச் சுற்றி மற்றவர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். விடியல் வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் தண்ணீர் குடம் சாய்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மினுங்கியதைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. ஏன் என்று தெரியாததால் இன்னும் கோபம் வந்தது.

தணிகைவேலிடம் போய்ச் சொன்னேன். அவர் தொடையைத் தட்டினார். "பாத்தியா! நாம குளிச்ச தண்ணியைக் கூட விட மனசில்லை. அளந்து பாக்கறாங்க. நான் சொன்னது சரியாப் போச்சா?" சரியாகத்தான் தெரிந்தது.

கோடையின் நடுவில் எஸ்தரின் அப்பா இறந்துபோனார். மணல் மேட்டுக்குத் தூக்கிப் போனோம். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் மட்டும் தோயர்கள் ஏரியை விட்டு ஏறி வந்து தூரத்தில் வரிசையாக நிற்பார்கள். பிணம் தின்னிகள் என்று எங்கள் ஆட்கள் கல்லெறிவார்கள். கல் பட்டாலும் போக மாட்டார்கள். இந்த முறை சாரல் எங்களோடேயே வந்துவிட்டதால், முதன்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். அந்தச் சூட்டு மணலில் அதன் தோல் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்தது. வலி தாங்காமல் உடம்பு ஒடுங்கியது. ஆனாலும் கடைசிப் பிடி மண் விழும்வரை நகரவில்லை. மண் விழுந்ததும் மார்புத் தோல் அதிர்ந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் அப்படி ஓலமிடுவாள்.

இறங்கி வரும்போது கேட்டேன், "உனக்கு என்ன ஆச்சு? அவர் உனக்கு என்ன உறவு?"

சாரல் நின்றுவிட்டது. என்னை உற்றுப் பார்த்தது. "கேக்கறீங்களா அம்மா?"

எனக்கு என்னவோ கூச்சமாகிவிட்டது. "ச்சே, சும்மா பேச்சுக்குக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

கோடை முடிந்தது. பகலிலேயே தெரியும்படி வானத்தில் கப்பல் ஒரு வெள்ளைப் புள்ளியாக வந்து நின்றது. ஒப்பந்தக் கூட்டத்துக்கு ஊர் முழுக்கக் கரையில் உட்கார்ந்தோம். தோயர்கள் தண்ணீரில். ஏரியின் அந்தக் கரைவரை தலைகள், தலைகள். இத்தனை பேரா இருந்தார்கள்!

முதலில் அவர்கள் முறை. வீடுவீடாகத் தங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அந்தந்த வீட்டுக்காகப் பேச ஆரம்பித்தார்கள். சாரல் எழுந்தது. மார்பு அதிர்ந்தது. வந்தது என் குரல். என் கரகரப்பு, என் மூச்சு, பேச்சுக்கு நடுவில் நான் தொண்டையைச் செருமுகிற விதம், எல்லாம்.

"எனக்குத் தண்ணிக் கஷ்டம் ஒண்ணும் கிடையாது. ரெண்டாவது டிரம்மைக் குளியலறைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்றது என் குரல். ஊர் கொல்லென்று சிரித்தது. தணிகைவேல் என்னை முறைத்தார்.

"என் பொண்ணு கால்ல மணல் மூட்டை கட்டறேன். உடற்பயிற்சின்னு ஊருக்குச் சொல்றேன். அதனால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். தெரிஞ்சுதான் கட்டறேன். கட்டும்போது அவ என்னைப் பாக்க மாட்டா. நானும் அவ மூஞ்சியைப் பாக்க மாட்டேன், முடிச்சை மட்டும் பாப்பேன். கட்டாம இருந்தா, கப்பல் வர்ற வரைக்கும் அவளுக்காக நான் ஒண்ணுமே செய்யலைன்னு ஆயிடும். ராத்திரி அவ தூங்கினதும் கால்ல தழும்பைத் தடவிப் பாப்பேன். எங்களைப் போகச் சொல்லாதீங்க. என் பொண்ணு நிக்கட்டும். நடக்கட்டும். கூரைமேல ஏறட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மணல் மூட்டை கட்ட ஆரம்பித்த பிறகு அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பித்தை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டது சாரல்.

"அதேதான்" என்றேன். அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வீடு இதேபோல. தன் குரலைத் தண்ணீரிலிருந்து கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக "அதேதான்" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி மனதில் இத்தனை இருந்ததா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சனம், அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோம்.

பிறகு எங்கள் முறை. தணிகைவேல் எழுந்தார். "ஏரி உங்களோடது. நாங்க பம்பு போட்டுட்டோம். பம்பை நிறுத்தணும், அதுதான் உங்க மனசுல இருக்கு."

ஏரி அசையவில்லை. மூத்த தோயர், "இல்லை" என்றது.

"அப்போ... மன்னிப்புக் கேக்கணும்?"

"இல்லை."

"நாங்க கிளம்பிப் போயிடணும்?"

இந்த முறை தண்ணீர் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. "இல்லை" என்றது மூத்தது. "வேற யாராவது சொல்லுங்க. இல்லைன்னா வழக்கப்படி ஒப்பந்தம் கிடையாது." அதன் குரலும் உடைந்திருந்தது.

அந்த நடுக்கத்தை நான் பார்த்துவிட்டேன். எழுந்தேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாதபோது திட்டுவதுதானே என் வழக்கம்.

"ஏய் சாரல்! கோடை முழுக்க என் வீட்டுச் சோத்துப்பானை வரைக்கும் பாத்தியே, ஒரு வார்த்தை உன்னைப் பத்திச் சொன்னியா? எம் பொண்ணு தலையில கையை வெச்சு என்ன முணுமுணுத்தே? அழுக்குத் தண்ணியை எதுக்குச் சுமந்தே? எஸ்தர் அப்பாவுக்கு ஏன் அழுதே? இந்த ஏரி ஏன் இப்படி வெள்ளையா இருக்கு? சொல்லு!"

"கேக்கறீங்களா அம்மா?" என்றது சாரல்.

"கேக்கறேன். பேச்சுக்கு இல்லை."

ஏரி முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. சாரல் சொந்தக் குரலில் பேசியது.

"அது எங்க ஆளுங்க அம்மா. நாங்க செத்தா கரைஞ்சுடுவோம். கரைஞ்சவங்க போயிட மாட்டாங்க, தண்ணியில இருப்பாங்க. அதுல நின்னா அவங்க நினைச்சது எங்களுக்கும் நினைவு வரும். ஆதியில இருந்து எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அந்த வெள்ளை அவங்கதான்."

எங்கோ யாரோ ஓங்கரிப்பது கேட்டது. நான் அந்த ஏரியைப் பார்த்தேன். அடிவானம் வரை வெள்ளை. இத்தனை காலமும் அதை ஆழம், கொள்ளளவு, அழுத்தம் என்று கணக்குப் போட்டவள் நான். என் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

"அப்போ நாங்க குடிச்சது..." என்றேன். யோசித்து முடிப்பதற்குள் வாய் பேசிக்கொண்டே போனது. "உங்க ஆளுங்களைத்தான் குடிச்சிருக்கோம். எம் பொண்ணு பொறந்ததுல இருந்து வேற தண்ணி குடிச்சதில்லை. அவ ரத்தத்துல இருக்காங்க. வேர்வையில இருக்காங்க. குளிச்ச தண்ணியில கொஞ்சம் வர்றாங்க, அதைத்தான் வழிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனே. தலையில கை வெச்சுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டே. மேட்டுல நாங்க பொதைக்கும்போதெல்லாம் உங்க சனமும் மண்ணுக்குள்ள போச்சு. கல்லடி பட்டு நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

சாரல் ஓர் அடி நெருங்கி வந்தது.

"பம்பு போட்ட அன்னிக்கு நீங்க வரலை. கப்பல் வருதுன்னு ஒலிபெருக்கியில சொன்ன மறுநாள் வந்தீங்க. நாங்க இங்க இருக்கறது உங்க கவலை இல்லை." வானத்து வெள்ளைப் புள்ளியைக் கை காட்டினேன். "அந்தக் கப்பல்ல நாங்க ஏறினா அவங்களும் ஏறிடுவாங்க. உங்க தாத்தன் பாட்டன் எல்லாரையும் தூக்கிட்டுப் போயிடுவோமேன்னு பயந்து வந்திருக்கீங்க. நாங்க போகக் கூடாது. அதுதானே? எங்களைப் போகாதீங்கன்னு கெஞ்சத்தானே வந்தீங்க?"

"அதேதான்" என்றது சாரல்.

அதோடு முடியவில்லை. அந்த ஒரு சொல் தண்ணீருக்குள் பரவியது. தணிகைவேலின் குரலில், எஸ்தரின் குரலில், ஊரில் உள்ள அத்தனை பேர் குரலிலும் ஏரி "அதேதான், அதேதான்" என்று சொல்லிக்கொண்டே போனது. எங்கோ நடுவிலிருந்து, குழாய் வழியாக என்றைக்கோ கேட்டு யாரோ வைத்திருந்த குரல் ஒன்று, சுருதியே இல்லாமல், "அதேதான் பூங்கா" என்றது. நான் அப்படியே தண்ணீரில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

கப்பல் வெறுமையாகத் திரும்பியது. ஒப்பந்தத்தில் கொஞ்சம்தான் வரிகள். குடிக்கலாம். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் ஏரிக்கே திரும்பும். அதற்கு ஊருக்கே குழாய் போட்டவள் நான்தான், பழைய வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு. சாகிறவர்கள் மேட்டுக்குப் போக வேண்டாம், ஏரிக்குப் போகலாம். கட்டாயம் இல்லை. தணிகைவேல் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு தன் மனைவியின் எலும்புகளை அவரே தோண்டி எடுத்து வந்தார். நான் பலராமனைக் கொண்டுபோய் விட்டேன், கூடவே ஒரு துண்டும். செண்பகம் மணல் மூட்டைகளைக் கரையில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரே தாவில் சாரலின் தோள்மேல் ஏறி உட்கார்ந்தாள். நான் திட்டவில்லை.

குடிப்பதை நிறுத்தியவர்கள் சிலர் உண்டு. இரண்டு நாள்தான் தாங்கினார்கள். வேறு தண்ணீர் ஏது? நானும் குடிக்கிறேன். தாகத்துக்கு வேறு வழி கிடையாது. ஆனால் டம்ளரைத் தூக்கியதும் முன்போல மடக்கென்று ஊற்றிக்கொள்ள முடிவதில்லை. ஒரு கணம் அந்த வெள்ளையைப் பார்க்கிறேன். "வாங்க, இன்னிக்கு யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்கிறேன்.

பேச்சுக்குக் கேட்பதில்லை.